பின்சில்லின் அகலம்

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுவோர் முன்பாரம், பின்பாரம் என்னும் இரு சொற்களை நன்கு அறிவர். பாரம் முன்னே மிகுந்தால் நுகம் எருதுகளின் கழுத்தை அழுத்தும்; பின்னே மிகுந்தால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிற்றை இறுக்கும். ஆதலால், பாரத்தை அச்சின் இருமருங்கும் அளவறிந்து பகிர்ந்து வைத்தலே வண்டிக்காரனின் முதல் வேலையாகின்றது. இரு சில்லு வண்டிக்குரிய இவ்வறிவு நாற்சில்லு மோட்டார் வண்டிக்கும் வேண்டப்படுவதே. எருதுகளின் கழுத்து உணர்த்தியதை மோட்டார் வண்டியில் டயர்கள் உணர்த்துகின்றன என்பதே வேறுபாடு.

ஸ்போர்ட்ஸ் கார் என வழங்கும் விரைவுக் கார்கள் பலவற்றில், பின்சில்லுகளின் டயர்கள் முன்சில்லுகளின் டயர்களிலும் அகன்றிருத்தலைக் காணலாம். அழகு கருதி அவ்வாறு செய்தனர் என்பார் சிலர். எஞ்சினின் வலிமையைத் தரைக்குச் செலுத்துதற்கு அகலம் வேண்டும் என்பார் வேறு சிலர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும் முதன்மையான காரணம் மற்றொன்று. அதனை அறியாது தம் காரின் பின்சில்லுகளுக்கு மட்டும் அகன்ற டயர் பூட்டுவோர், சில வேளைகளில் இருந்த குறையை நீக்காது, இல்லாத குறையொன்றை வருவித்துக் கொள்வர். மழையில் நனைந்த வளைவொன்றில் அக்குறை வெளிப்படுமாயின், அதற்குக் கொடுக்கப்படும் விலை உயிராகவும் இருக்கலாம்.

டயர் தரையைப் பற்றும் முறையை முதலில் அறிதல் வேண்டும். நேர்வழியிற் செல்லும் கார், டயர் நோக்கிய திசையிலேயே செல்கின்றது. வளைவில் திரும்பும்போது அவ்வாறன்று. காரின் எடை வெளிப்புறமாகத் தள்ள, தரையைப் பற்றிய இறப்பர் உட்புறமாக இழுக்க, டயர் சற்றே முறுகுகின்றது. ஆகவே டயர் நோக்கும் திசை ஒன்றும், அது உண்மையிற் செல்லும் திசை மற்றொன்றுமாகின்றன. இவ்விரு திசைகளுக்கும் இடைப்பட்ட கோணத்தை வழுவற்கோணம் எனலாம். இஃது ஒரு சில பாகைகளே. டயர் வழுக்கிவிட்டது என்பது இதன் பொருளன்று. இச்சிறு கோணம் இன்றேல் டயர் பக்கவாட்டில் இழுக்கும் விசையைத் தரவே மாட்டாது. விசை மிகுந்தோறும் கோணமும் மிகும். ஓர் எல்லை கடந்தபின் பிடி தளர்ந்து டயர் உண்மையாகவே வழுக்கும்.

முன்சில்லுகளின் வழுவற்கோணமும் பின்சில்லுகளின் வழுவற்கோணமும் எப்போதும் ஒத்திரா. முன்சில்லுகளின் கோணம் மிகுந்தால், சாரதி சுக்கானைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாது; வளைவின் வெளியோரத்தை நாடிச் செல்லும். இதனைக் குறைத்திரும்பல் எனலாம். பின்சில்லுகளின் கோணம் மிகுந்தாலோ, காரின் வாற்புறம் வெளியே வீச, கார் வேண்டிய அளவிலும் மிகுதியாகத் திரும்பும். இது மிகைத்திரும்பல். 1930களில் அமெரிக்காவிலே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய மொறிஸ் ஒல்லி என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் இவ்விரு தன்மைகளையும் முறையாக ஆராய்ந்தார். குறைத்திரும்பும் காரிலே வேகத்தைக் குறைத்தால் நிலைமை பெரும்பாலும் சீராகும். மிகைத்திரும்பும் காரிலோ, அஞ்சிய சாரதி ஆக்சிலேற்றர் மிதியிலிருந்து காலை எடுத்தமாத்திரத்தில் பாரம் முன்னோக்கிப் பெயரும், பின்சில்லுகளின் பிடி மேலும் தளரும், கார் சுழன்றுவிடும். இயல்பாக எழும் அச்சமே ஆபத்தைப் பெருக்குவதனால், பொதுமக்களுக்கான கார்களைச் சிறிது குறைத்திரும்பும் வகையிலேயே அமைப்பது வழக்கமாயிற்று.

எஞ்சினைப் பின்புறத்தில் வைத்த கார்களுக்கு இது பெருஞ் சிக்கலாயிற்று. பின்பாரம் மிகுந்தமையால், வளைவில் வெளியே தள்ளப்படுவதும் பின்புறமே. அமெரிக்காவிலே செவ்ரோலே நிறுவனம் 1960ஆம் ஆண்டுக்குரிய மாதிரியாக வெளியிட்ட கோர்வேர் அத்தகையது. அதன் நான்கு டயர்களும் ஒரே அளவின. வேறுபாட்டைக் காற்றழுத்தத்தினால் உண்டாக்க நிறுவனத்தார் முயன்றனர். குளிர்ந்த நிலையில் முன்டயர்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலும், பின்டயர்களுக்கு 26 இறாத்தலும் வேண்டும் என விதித்தனர். முன்டயர் மெலிந்திருந்தால் அதன் வழுவற்கோணம் மிகும், காரும் குறைத்திரும்பும். கணக்குச் சரியே. ஆனால் நான்கு டயர்களுக்கும் ஒரே அளவு காற்று அடிக்கும் பழக்கமுடையவர் கையில் அக்கணக்கு ஒரு நொடியிற் பிழைத்துவிடும். 1965இல் ரால்ப் நேடர் வெளியிட்ட, எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றவை எனப் பொருள்படும் தலைப்புடைய நூல், கோர்வேரின் பின்சில்லு அமைப்பைக் கடுமையாகக் கண்டித்தது. 1960 முதல் 1963 வரையுள்ள மாதிரிகள் அக்காலத்து வேறு கார்களிலும் கேடானவையல்ல என 1972இல் வெளிவந்த அரசாங்க ஆய்வு கூறியது. குற்றம் எவருடையதாயினும், பாதுகாப்பு முழுவதையும் காற்றடிப்பவரின் நினைவாற்றலில் தங்க வைத்தல் நன்றன்று என்பது தெளிவாயிற்று.

ஜேர்மனியின் ஸ்டட்காட் நகரத்துப் போர்ஷே நிறுவனத்தாரும் இதே சிக்கலை எதிர்கொண்டனர். 1963இல் பிராங்க்போட் கண்காட்சியில் அறிமுகமாகி 1964இல் உற்பத்தி தொடங்கிய அவர்களுடைய 911 என்னும் காரில், எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் அமைந்திருந்தது. நான்கு சில்லுகளும் ஒரே அளவின. றிம்மின் அகலம் 4½ அங்குலம். டயரின் அகலம் 165 மில்லிமீற்றர். வளைவின் நடுவே வேகத்தைக் குறைத்தால் வாற்புறம் வீசும் குணம் அக்காருக்கு இருந்தது. அதனைத் தணிக்க, முதலில் முன்பம்பரின் இரு மூலைகளிலும் சுமார் 11 கிலோகிராம் எடையுள்ள வார்ப்பிரும்புத் துண்டுகளை வைத்தனர். வண்டிக்காரன் பின்மூட்டைக்கு ஈடாக முன்னே கல்லொன்றை வைப்பதை ஒத்தது இச்செயல். பின்னர், 1969ஆம் ஆண்டுக்குரிய மாதிரியில், பின்சில்லுகளை 57 மில்லிமீற்றர் பின்னே தள்ளி, அச்சுகளுக்கிடையேயான தூரத்தை 2211 மில்லிமீற்றரிலிருந்து 2268 மில்லிமீற்றராக்கினர். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்க, அச்சு அதனை அணுகியது. பாரப்பங்கீடு ஓரளவு திருந்தியது.

மூன்றாவது பரிகாரமே பின்டயரை அகலமாக்குதல். 1972ஆம் ஆண்டு ஒக்டோபரில் பாரிஸ் கண்காட்சியிற் காட்டப்பட்ட கரேரா ஆர்எஸ் 2.7 என்னும் 911 வகைக் காரில், முன்றிம்மின் அகலம் 6 அங்குலமாகவும் பின்றிம்மின் அகலம் 7 அங்குலமாகவும் இருந்தன. முன்னே 185/70-15 அளவுள்ள டயரும், பின்னே 215/60-15 அளவுள்ள டயரும் பூட்டப்பட்டன. அவற்றுக்கு இடமளிக்கப் பின்மட்கார்டுகளும் புடைத்து விரிந்தன. பந்தய விதிகளின்படி 500 கார்கள் செய்தாற் போதும் என்றிருக்க, 1580 கார்கள் விற்பனையாயின.

அவ்விலக்கங்களின் பொருளை அறிந்தால், பொறியியலாளரின் கவனம் விளங்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. மூன்றாவது, றிம்மின் விட்டம், அங்குலத்தில். 185இல் நூற்றுக்கு 70 பங்கு 129½ மில்லிமீற்றர். 215இல் நூற்றுக்கு 60 பங்கு 129 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலால் முழுச் சில்லின் விட்டமும் முன்னும் பின்னும் 640 மில்லிமீற்றரை அண்மியே நிற்கின்றது. அகலம் 30 மில்லிமீற்றர் கூடியும் உயரம் மாறவில்லை. கியர் விகிதமும் வேகமானியின் கணக்கும் பிழைக்காதிருத்தற்கு இது வேண்டியதொன்றாகும்.

அகன்ற டயர் தரையைத் தொடும் பரப்பு அகலத்துக்கேற்ப மிகும் என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. ஒரு சில்லின்மேல் 300 கிலோகிராம் பாரமும், டயரினுள் சதுர சென்ரிமீற்றருக்கு 2 கிலோகிராம் காற்றழுத்தமும் இருப்பதாகக் கொண்டால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 150 சதுர சென்ரிமீற்றராகும். தொடுமிடத்தின் அகலம் 15 சென்ரிமீற்றராயின் நீளம் 10. அகலம் 18 ஆயின் நீளம் எட்டேகால் அளவே. பரப்பு பெரிதும் மாறாது, வடிவமே மாறுகின்றது. ஆயின் பயன் எங்கிருந்து வருகின்றது? அகன்ற றிம்மின் மேல் அமர்ந்த டயரின் பக்கச்சுவர் எளிதில் வளையாது. ஆகவே குறைந்த வழுவற்கோணத்தில் வேண்டிய விசை கிடைக்கின்றது. மேலும், டயரின்மீது பாரம் இருமடங்கானாற் பிடி இருமடங்காவதில்லை. அதனிலும் குறைவாகவே கூடும். அகன்ற டயரில் இவ்விழப்புச் சிறிதாகும். வெப்பமும் தேய்வும் மிகுதியான இறப்பரிற் பரவுதலால், மென்மையும் பிடிப்பும் உள்ள இறப்பரைப் பயன்படுத்துதலும் இயலும்.

ஆகவே பின்டயரை அகலமாக்குதல் என்பது, பின்சில்லுகளின் வழுவற்கோணத்தைச் சுருக்கி, காரைக் குறைத்திரும்பும் பக்கமாகத் தள்ளுதலே. பின்பாரம் மிகுந்த 911 போன்ற காருக்கு அது மருந்து. எஞ்சினை முன்னே கொண்ட, முன்பாரம் மிகுந்த காருக்கோ அதுவே நோயாகலாம். இயல்பாகவே குறைத்திரும்பும் அக்காரின் பின்புறம் இன்னும் இறுகப் பற்றுமாயின், சுக்கானைத் திருப்பத் திருப்ப முன்புறம் நேரே ஓட முற்படும். பின்சில்லுகளை மிக வலிய எஞ்சின் சுழற்றும் கார்களில், எஞ்சின் முன்னே இருந்தும் அகன்ற பின்டயரைச் செய்தோரே பூட்டுவதுண்டு. அங்கு முன்டயரும் சுருள்வில்லும் அதற்கேற்ப அமைக்கப்பட்டிருக்கும். கடையில் வாங்கிய இரண்டு டயர்கள் மட்டும் அவ்வமைப்பைத் தாமே உண்டாக்கிவிட மாட்டா.

ஆராய வேண்டியவை வேறும் உள. அகன்ற டயரைக் குறுகிய றிம்மிற் பூட்டினால் அதன் நடு புடைத்து, ஓரங்கள் தரையைச் சரிவரப் பற்றா. றிம் வெளியே நீண்டால் சில்லின் போல்பேரிங்குகளின்மேல் நெம்புகோல்போற் பாரம் ஏறும். உள்ளே நீண்டால் சுருள்வில்லிலோ பிறேக் குழாயிலோ உரசும். நிறுத்திவைத்த காரில் உரசாத டயர், ஆட்கள் ஏறி மேட்டுப் பள்ளத்திற் செல்லும்போது மட்கார்டில் உரசுதல் கூடும். மழைக்காலத்திலே அகன்ற டயர் கூடுதலான நீரைப் புறந்தள்ள வேண்டியிருத்தலின், குறுகிய டயரிலும் குறைந்த வேகத்திலேயே நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். அதன் வரிப்பள்ளங்கள் தேய்ந்திருந்தால் இவ்வாபத்து இரட்டிக்கும். முன்டயரையும் பின்டயரையும் மாற்றி மாற்றிப் பூட்டி ஒருசீராகத் தேயச் செய்தலும் இயலாது. ஒற்றை மேலதிக டயர் இரண்டிடத்துக்கும் பொருந்தாது.

இக்காலக் கார்களில் மற்றொரு கவலையும் உண்டு. சில்லுகள் நான்கின் சுழற்சி வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, கார் வழுக்குமுன் பிறேக்கைத் தானே இயக்கும் மின்னணு அமைப்புக்கள் அவற்றில் உள்ளன. பின்டயரின் விட்டம் செய்தோர் விதித்ததினின்றும் வேறுபட்டால், அவ்வமைப்பு இல்லாத வழுக்கலை உள்ளதாகக் கொள்ளவும், உள்ளதைக் காணத் தவறவும் கூடும். நான்கு சில்லுகளையும் எஞ்சின் சுழற்றும் கார்களில், முன்பின் விட்டவேறுபாடு இடைப்பற்சில்லுகளை ஓயாது அரைத்துக் கெடுக்கும்.

ஆதலின், அகன்ற பின்டயரை விரும்புவோர் முதலில் நோக்க வேண்டியது டயர்க்கடையின் விலைப்பட்டியலையன்று. தம் காரின் பாரம் முன்னே எத்தனை பங்கு, பின்னே எத்தனை பங்கு என்பதையே. அடுத்து, செய்தோர் அளித்த கைந்நூலில் எவ்வகலம், எவ்விட்டம், எக்காற்றழுத்தம் ஏற்கப்பட்டுள்ளன என்பதைப் பார்த்தல் வேண்டும். மாற்றுவதாயின் ஓரச்சின் இரு டயர்களையும் ஒருங்கே மாற்றி, முன்னும் பின்னும் உரிய அழுத்தத்தில் காற்றடித்து, வாகன நெருக்கமில்லாத அகன்ற வெளியில் மெல்லிய வேகத்தில் காரின் புதிய குணத்தை அறிந்துகொண்ட பின்னரே நெடுஞ்சாலையில் ஏற வேண்டும். வார்ப்பிரும்புத் துண்டில் தொடங்கி ஏழங்குல றிம்மில் வந்து சேர, போர்ஷே பொறியியலாளருக்கே எட்டாண்டுகளுக்கு அண்மையாகச் சென்றன. அவ்வளவு பொறுமையாக அவர்கள் ஆராய்ந்து கண்ட சமநிலையை, ஒரு பிற்பகலில் இரண்டு டயர்களை மாற்றுவோர் தம் காரிற் குலைத்துவிடாதிருத்தல் வேண்டும்.