புழுக்கையில் தெரியும் கோடை

மேய்ச்சல் நிலம் – 7

செரெங்கெட்டிச் சமவெளியில் வரிக்குதிரை முதலில் வந்து முற்றிய தண்டுப் புல்லை மேய்ந்து போகும். பின்னால் வரும் வைல்ட்பீஸ்ட் என்ற பெரிய இரலை புல்லின் இலைகளைக் கடிக்கும். கடைசியாக வரும் தாம்சன் சிறுமான், அடியில் வெளிப்பட்டுக் கிடக்கும் சத்தான பூண்டுகளைப் பொறுக்கும். ரிச்சர்டு பெல் 1971இல் எழுதிய இந்த வரிசையைச் சென்ற வாரம் பார்த்தோம். சிறிய உடம்புக்குக் கொஞ்சம் தீனி போதும், ஆனால் அது சத்தாக இருக்க வேண்டும். பெரிய உடம்பு சக்கையை நிறையத் தின்று சமாளித்துக்கொள்ளும். இந்த விதியோடு நம் பக்கம் திரும்பினால், சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரம், நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகப் போய்ச் சேரும் கோடியக்கரைதான் கண்ணில் படுகிறது. 1967இல் சரணாலயமான அந்த இடத்தில்தான் தமிழ்நாட்டு வெளிமான்கள் மிகுதியாக இருக்கின்றன. 30, 40 கிலோ எடையுள்ள அந்த மான் என்ன தின்கிறது என்று கேட்டால், புல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். தவறில்லை. ஆனால் அந்தப் பதிலை மட்டும் நம்பிச் சரணாலயத்தை நடத்த முடியாது என்பதே என் வாதம். ஒரு மேய்ச்சல் விலங்கின் பிழைப்பை, அது வயிறாரத் தின்னும் மாதங்களை வைத்து எடைபோடக் கூடாது. தீனி வற்றும் மாதங்களில் அது எதைக் கொண்டு சமாளிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஆப்பிரிக்காவின் இம்பாலா என்ற மான் மழைக்காலத்தில் புல்லும், வறட்சியில் குழையுமாக வாழ்கிறது. அது இரண்டும் தின்னும் இனம், வெளிமானோ அசல் புல்தின்னி, அதனால் இந்த ஒப்புமை பொருந்தாது என்று ஒருவர் மறுக்கலாம். அவருக்குக் குஜராத்தின் வேளாவதர் பதில் வைத்திருக்கிறது. அங்கே வெளிமானின் உணவுச் சத்து பருவந்தோறும் எப்படி மாறுகிறது என்று யாதவேந்திரதேவ் ஜாலா ஆராய்ந்து 1997இல் வெளியிட்டார். மழைக்காலத்தில் புல்லையே நம்பிய மான்கள், சத்துக் குறைந்த பனிக்காலத்திலும் கோடையிலும் சீமைக் கருவேலங்காயை முக்கிய உணவாக்கிக்கொண்டன. ஆடுகள் இதே காயைத் தின்பதைப் பார்த்துப் பழகிய நம் வெள்ளாற்றங்கரை மேய்ப்பர்களுக்கு இதில் வியப்பே இருக்காது. சரி, வேளாவதரில் கண்டதை அப்படியே கோடியக்கரைக்கு எடுத்துக்கொள்ளலாமா? முடியாது. அங்கே தென்மேற்குப் பருவமழை, ஜூனில் தொடங்கிச் செப்டம்பரில் முடிந்துவிடும். இங்கே நிலம் நனைவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. குஜராத்தில் புல் துளிர்க்கும் மாதங்களில் கோடியக்கரை மான் இன்னும் வடகிழக்கு மழைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. கடலோரத்துக்கே உரிய உமரி போன்ற உவர்ச் செடிகள் வேறு இங்கே உண்டு.

ஆகவே இங்கேயே, மாதாமாதம் பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் தொலைநோக்கியால் அல்ல. குனிந்து மேயும் மானின் வாயில் இருப்பது அருகா, கோரையா, நடுவே முளைத்த பூண்டா என்று தூரத்திலிருந்து தெரியாது. புழுக்கையைத்தான் பொறுக்க வேண்டும். அதிலுள்ள இலைத்தோல் துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்து ஊர்ச் செடிகளின் மாதிரிகளோடு ஒப்பிடுவது பழைய வழி. மலிவானது, கல்லூரி ஆய்வகத்தில் நடக்கும். ஆனால் இளந்தளிர் முழுக்கச் செரித்துவிடுவதால் கணக்கில் குறைந்து தெரியும், நார்ப்புல் மிகுந்து தெரியும். கரிம ஐசோடோப்பு முறை இன்னொன்று. வெப்பநிலப் புற்கள் பெரும்பாலும் ஒளிச்சேர்க்கையில் சி4 வழியைப் பின்பற்றுபவை, மரஞ்செடிகள் சி3. இரண்டின் கரிமத் தடமும் எட்ட எட்ட நிற்பதால் புல் எவ்வளவு, குழை எவ்வளவு என்று பிரித்துவிடலாம். ஆப்பிரிக்கச் சவன்னாவில் சுலபமாக நடக்கும் இந்தப் பாகுபாடு உப்பங்கழியோரம் சற்றே சறுக்கும். உமரி இனத்திலேயே சுவேடா மோனாய்க்கா சி4 வகைதான், அதை மேய்ந்த மானும் புல் மேய்ந்ததாகவே கணக்கில் வரும். டிஎன்ஏ முறை செடியின் பெயரையே சொல்லிவிடும். 2015இல் டைலர் கார்ட்சினெல் குழுவினர் கென்யாவில் இதைக் கையாண்டபோது, புல்தின்னி என்று ஒரே பட்டியலில் இருந்த விலங்குகள்கூட வேறு வேறு புல்லினங்களைத் தேர்ந்துகொள்வது வெளிப்பட்டது. எந்தச் செடி என்பதைத் துல்லியமாகச் சொல்லும் இம்முறை, எத்தனை வாய் என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்லாது. மூன்றையும் சேர்த்துப் படிப்பதே முறை.

இத்தனை பாடு எதற்கு, கோடியக்கரையிலும் பரவியிருக்கும் சீமைக் கருவேலத்தை வெட்டினால் புல் தானே வரும், மான் பிழைத்துக்கொள்ளும் என்பது வலுவான மறுப்பு. அந்நியச் செடிகளை அகற்ற 2022இல் தமிழக அரசு கொள்கையே வகுத்திருக்கிறது, மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி விலங்கியல் துறையினரும் இந்த மரம் வெளிமானுக்கு என்ன செய்கிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். மரத்துக்காக வாதாடுவது என் நோக்கமல்ல. வெட்டவெளியில் தூரத்து ஆபத்தைக் கண்டு ஓடித் தப்பிக்கும் விலங்குக்குப் புதர் அடைசல் சிறை மாதிரி. காயைத் தின்னும் மானே விதையையும் பரப்புகிறது: வேளாவதரில் கடாக்கள் இணைசேரத் திரளும் களங்களில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடுவதால், அந்தக் குவியல்களில் சீமைக் கருவேல விதைகள் சேர்ந்து புல்வெளியின் நட்டநடுவே முளைக்கின்றன என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மரம் போகத்தான் வேண்டும். ஆனால் காயும் நிழலும் ஒரே கோடையில் மொத்தமாக மறைந்து, புல் தலையெடுக்க அடுத்த மழை வரை ஆகுமென்றால், இடைப்பட்ட மாதங்களில் மான் எதைத் தின்னும்? துண்டு துண்டாக வெட்டி, வெட்டிய இடத்தில் புல் ஊன்றிய பிறகு அடுத்த துண்டுக்குப் போவதா, ஒரேயடியாக முடிப்பதா என்பதைக் கோடைப் புழுக்கையில் காயின் பங்கு எவ்வளவு என்பதை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும்.

குதிரைகள் விஷயமும் இப்படித்தான். கோடியக்கரையில் காட்டுத்தனமாகத் திரியும் குதிரைகள் மானின் புல்லைப் பறிப்பதாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. பெல்லின் செரெங்கெட்டியை நினைத்தால், வரிக்குதிரை அங்கே சிறுமானுக்கு வழிதிறந்து விடுகிறதே, இங்கே மட்டும் குதிரை எப்படிப் பகையாகும் என்று எதிர்க்கேள்வியும் எழும். மழை முடிந்து புல் உயர்ந்து நிற்கையில் குதிரை முற்றலை மேய்ந்து கொடுப்பது மானுக்கு உதவியாகவே இருக்கக்கூடும். அதே குதிரை ஜூலையில், விரல் உயரம்கூட இல்லாத புல்லை மேலும் கீழும் பல்லுள்ள வாயால் ஒட்டக் கடிக்கும்போது கதை வேறு. செரெங்கெட்டி வரிக்குதிரை புதுப் புல்லைத் தேடி இடம்பெயர்ந்துவிடும்; கடலும் உப்பளமும் சூழ்ந்த கோடியக்கரையில் குதிரைக்கும் மானுக்கும் போக இடமில்லை. டிசம்பர்ப் புழுக்கையை மட்டும் பார்த்தவர் குதிரையை விட்டுவைக்கச் சொல்வார், ஜூலைப் புழுக்கையை மட்டும் பார்த்தவர் பிடித்து அப்புறப்படுத்தச் சொல்வார். இரு விலங்கின் சாணமும் புழுக்கையும் பன்னிரண்டு மாதமும் அருகருகே சேகரிக்கப்பட்டால், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை குதிரைகளைப் புல்வெளிக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்று வனத்துறை தேதி குறித்தே சொல்லலாம்.