அரங்கங்களுக்குச் சட்டம், கிராமத் திடலுக்கு யார் பொறுப்பு?

புது தில்லி: தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. தேசிய விளையாட்டு வாரியம், விளையாட்டுத் தீர்ப்பாயம், சம்மேளனங்களின் தேர்தல் என நீண்ட காலமாகப் பேசப்பட்டு வந்தவற்றுக்கு அந்தச் சட்டம் வடிவம் தந்தது. அதற்கு முந்தைய மாதத்தில்தான் புதிய தேசிய விளையாட்டுக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருந்தது.

சம்மேளனங்களுக்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால், பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், இரு மாநில எல்லையில் உள்ள கோபாலபுரத்தில் ஒரு சிறுவன் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கிக் கல்லின் மேல் ஏறிப் பழக விரும்பினால், அவனுக்கான இடம் எது? அதை அமைத்துத் தர வேண்டியவர் யார்? ஊராட்சியா, மாநில அரசா, நாடாளுமன்ற உறுப்பினரா, ஊர் மக்களா? நாடாளுமன்ற விவாதங்களில் அதிகம் எழாத கேள்வி இது.

வேகம் அல்ல, சமநிலை

"டிரையல்ஸ்' எனப்படும் மிதிவண்டி விளையாட்டு நம் வாசகர்களுக்குப் புதிதாகத் தோன்றலாம். இது பந்தயம் அல்ல. பாறை, மரக்கட்டை, சிமென்ட் திண்டு, படிக்கட்டு ஆகிய தடைகளைக் கால் தரையில் படாமல் மிதிவண்டியிலேயே கடக்க வேண்டும். சர்வதேச மிதிவண்டி சங்கத்தின் போட்டிகளில் ஒவ்வொரு தடைப் பகுதியையும் கடக்க 2 நிமிடங்கள் தரப்படும். கால் ஊன்றினால் அபராதம். 1986 முதல் இதற்கு உலக சாம்பியன் போட்டிகள் நடைபெற்று வருகின்றன. ஒலிம்பிக்கில் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

ஸ்பெயின் நாட்டின் கேட்டலோனியாவில், மோட்டார் சைக்கிளில் இதே கலையைப் பயின்றவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகச் சிறிய மிதிவண்டிகளில் தொடங்கி வைத்த விளையாட்டு இது. 2009-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேனி மெக்கஸ்கில் என்ற இளைஞர், எடின்பரோ நகரத் தெருக்களின் வேலிகளிலும் சுவர்களிலும் மிதிவண்டி ஓட்டிய காணொலி உலகம் முழுவதும் பரவியபின் இதற்குப் புதிய ரசிகர்கள் சேர்ந்தனர்.

இதற்கான திடலுக்குப் புல்தரை வேண்டாம். மின்கோபுர விளக்குகள் வேண்டாம். பார்வையாளர் மாடம் வேண்டாம். கல் குவாரியில் கழிக்கப்பட்ட பாறைகள், சாய்ந்த தென்னை மரங்கள், கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறைகள், பழைய லாரி டயர்கள் ஆகியவற்றை உறுதியாகப் பதித்தாலே தொடக்கநிலைத் திடல் அமைந்துவிடும். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரத்தில் இவற்றில் எதற்கும் பஞ்சமில்லை. பஞ்சம் இருப்பது பொது இடத்துக்குத்தான்.

சாலையா, திடலா?

இடம் இல்லாதபோது இளைஞர்கள் சாகசத்தைக் கைவிடுவதில்லை, சாலைக்கு வருகிறார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இறந்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். இவை அனைத்தும் சாகசத்தால் நேர்ந்த மரணங்கள் அல்ல. ஆயினும், வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சி இல்லாமலேயே ஒரு தலைமுறை சாலைக்கு வருகிறது என்பதை மறுக்க முடியாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு, அனுமதியின்றிச் சாலையில் பந்தயம் ஓட்டுவதைத் தடை செய்கிறது. 2019-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அதற்கான தண்டனையைக் கடுமையாக்கியது. அதே திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவின்படி, சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ரூ.25 ஆயிரம் அபராதமும் விதிக்கலாம்.

தண்டிப்பதற்குச் சட்டம் இருக்கிறது. "இங்கே வந்து பழகு' என்று கைகாட்ட ஓர் இடம் வேண்டாமா? டிரையல்ஸ் விளையாட்டில் எஞ்சினும் இல்லை, வேகமும் இல்லை. அது கற்றுத் தருவது சமநிலையையும், பிரேக்கைக் கையாளும் நிதானத்தையும்தான்.

ஜன்வார் காட்டிய வழி

மக்களின் ஒத்துழைப்போடு இத்தகைய பொதுத் திடல் அமைய முடியுமா என்பதற்கு மத்தியப் பிரதேசத்தில் விடை இருக்கிறது. மிதிவண்டிக்குப் பதிலாக ஸ்கேட் பலகை என்பதுதான் வேறுபாடு.

பன்னா மாவட்டத்தில், புலிகள் காப்பகத்துக்கு அருகே உள்ள சிற்றூர் ஜன்வார். கோண்ட் பழங்குடியினரும் யாதவர்களும் வாழும் ஊர். ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிகே ரெய்ன்ஹார்ட் என்ற பெண்மணி அங்கு சிமென்ட்டாலான ஸ்கேட்டிங் பூங்கா ஒன்றை அமைக்க முன்வந்தார். ஓவியர்கள் வண்ணம் தீட்டிய ஸ்கேட் பலகைகளை ஏலம் விட்டுப் பணம் திரட்டப்பட்டது. பல நாடுகளிலிருந்து வந்த தன்னார்வலர்களும் உள்ளூர்த் தொழிலாளர்களும் இணைந்து கட்டிய பூங்கா 2015-இல் பயன்பாட்டுக்கு வந்தது.

அங்கு இரண்டு விதிகள் வகுக்கப்பட்டன. பள்ளிக்குச் செல்லாதவருக்குப் பலகை இல்லை என்பது முதல் விதி. பெண் குழந்தைகளுக்கே முதலிடம் என்பது இரண்டாவது. ஒரே பலகையை இரு சமூகப் பிள்ளைகளும் மாறி மாறிப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அந்த ஊரில் பலகை பழகிய ஆஷா கோண்ட் என்ற பழங்குடிப் பெண், 2018-இல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலக ஸ்கேட்போர்டிங் போட்டியில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றார்.

ராஜஸ்தானின் உதய்பூருக்கு அருகே உள்ள கேம்பூர் கிராமத்திலும் இதுபோன்ற பூங்கா உள்ளது. 2021-இல் வெளியான "ஸ்கேட்டர் கேர்ள்' திரைப்படத்துக்காக 14,500 சதுர அடியில் கட்டப்பட்ட அது, படப்பிடிப்பு முடிந்ததும் இடிக்கப்படாமல் ஊர்ப் பிள்ளைகளுக்கே விடப்பட்டது.

இவ்விரண்டும் நல்ல முன்மாதிரிகள். ஆனால் ஒன்றுக்கு வெளிநாட்டவர் ஒருவரின் முயற்சியும், மற்றொன்றுக்குத் திரைப்படத் தயாரிப்பும் தேவைப்பட்டன. எல்லா ஊருக்கும் இவை வாய்க்காது. பொதுப் பணத்தைக் கொண்டு, பொதுச் சட்டத்தின்கீழ் இதைச் செய்ய முடியுமா என்பதே நாம் கேட்க வேண்டியது.

அரசமைப்புச் சட்டத்தில் ஓர் இடைவெளி

விளையாட்டு, அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனத்தில் இடம்பெற்றுள்ளது. உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் அளிக்கும் 73, 74-ஆவது திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது இரு புதிய அட்டவணைகள் சேர்க்கப்பட்டன. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையில் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவை வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டுள்ளன. ஊராட்சிகளுக்கான பதினொன்றாவது அட்டவணையில் 29 இனங்கள் இருந்தும், விளையாட்டு என்ற சொல்லே இல்லை. நூலகம் உண்டு, கலாசார நடவடிக்கைகள் உண்டு, சந்தைகளும் திருவிழாக்களும் உண்டு, திடல் இல்லை.

நகரத்துப் பிள்ளைக்கு விளையாட இடம் தேவை என நினைத்தவர்களுக்குக் கிராமத்துப் பிள்ளை நினைவுக்கு வரவில்லை போலும். கிராமம் என்றாலே திறந்த வெளிதான் என்ற எண்ணம் 1992-இல் பொருந்தியிருக்கலாம். புறம்போக்கும் மேய்ச்சல் நிலமும் சுருங்கிவிட்ட இன்று அது பொருந்தாது.

இந்த இடைவெளியைக் கேரளம் தன் சட்டத்தில் நிரப்பியது. 1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை, விளையாட்டுத் திடல் அமைப்பதைக் கிராம ஊராட்சியின் பணிகளில் ஒன்றாகச் சேர்த்துள்ளது. 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்யப்பட்டது. ஊராட்சிக்கு ஒரு திடல் என்ற திட்டத்தையும் அந்த மாநில அரசு பின்னர் அறிவித்தது.

சர்வதேச அளவிலும் கேரளம் பின்தங்கவில்லை. 28-ஆவது ஆசிய மலை மிதிவண்டி சாம்பியன் போட்டி 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொன்முடியில் நடைபெற்றது. இந்தியாவில் அப்போட்டி நடைபெற்றது அதுவே முதல் முறை. ஆசிய வீரர்களுக்குத் தடம் அமைக்க முடிந்த மாநிலத்துக்கு எல்லைக் கிராமத்தில் ஒரு சிறு திடல் பெரும் சுமையாக இருக்க முடியாது.

எல்லையின் இருபுறமும்

கோபாலபுரத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. எல்லைக்கு அப்பால் கேரளத்தின் மக்கள் திட்ட முறை, இப்பால் தமிழகத்தின் "நமக்கு நாமே' திட்டம். 1997-98-இல் தமிழகத்தில் தொடங்கிய அத்திட்டம், 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-22-இல் பழைய பெயரிலேயே மீண்டும் அறிமுகமானது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும், மீதியை அரசு தரும் என்பது அதன் அடிப்படை. முதலில் பணம் கட்டியவர்கள் பின்னர் அந்தச் சொத்தைப் பாழாக விடமாட்டார்கள் என்பதே அதன் தர்க்கம்.

இங்கே இரு மக்களவைத் தொகுதிகளும் சந்திக்கின்றன. சித்தூர் சட்டப்பேரவைத் தொகுதியை உள்ளடக்கியது ஆலத்தூர், கிழக்கே பொள்ளாச்சி. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1993 டிசம்பர் 23-இல் தொடங்கியபோது உறுப்பினருக்கு ரூ.5 லட்சம் ஒதுக்கப்பட்டது. 2011-12 முதல் அது ஆண்டுக்கு ரூ.5 கோடி. இரு அவைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் ரூ.3,950 கோடி. இத்திட்டம் செல்லும் என 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கரோனா காலத்தில் நிறுத்தப்பட்டு, 2021 நவம்பரில் மீண்டும் உயிர்பெற்றது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. உறுப்பினர் பரிந்துரை மட்டுமே செய்யலாம். அனுமதிப்பது மாவட்ட நிர்வாகம். அமையும் சொத்து பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். அதைப் பராமரிக்கப் போவது யார் என்ற உறுதிமொழி முன்னதாகவே வேண்டும். கட்டிமுடித்த கட்டடங்கள் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம், பெரும்பாலும் இந்த உறுதிமொழி காகிதத்தோடு நின்றுவிடுவதுதான்.

மேற்கே சமவெளியில் நிலம் கிடைத்தாலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு பகுதித் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் நிலை வேறு. அங்கு பெரும்பரப்பு தேயிலைத் தோட்ட நிறுவனங்களின் வசம் உள்ளது. 1963-ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 81-ஆவது பிரிவு, தோட்டப் பயிர் நிலங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் விலக்கு போய்விடும் என்பதால் நிறுவனங்கள் தயங்கும். 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், தோட்டத்தின் 5 சதவீதம் வரையிலான நிலத்தைச் சுற்றுலா உள்ளிட்ட சில பயன்பாடுகளுக்கு அனுமதித்தது. சுற்றுலாப் பயணிக்காகத் தளர்ந்த விதி, லயங்களில் வசிக்கும் பிள்ளைகளின் திடலுக்காகவும் தளரலாம்.

கிராம சபையில் தமிழ்க் குரல்

மக்களின் ஒத்துழைப்பு என்பது நன்கொடைச் சீட்டு மட்டும் அல்ல. கேரளத்தில் வார்டுதோறும் கிராம சபை கூட வேண்டும். திட்டங்களுக்கான தேவை அங்கிருந்தே எழ வேண்டும். எல்லைப் பகுதித் தமிழர்கள் அரசுடன் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்திருக்கிறது. அந்த உரிமை பள்ளி, ரேஷன் அட்டை தொடர்பான மனுக்களோடு நின்றுவிட வேண்டியதில்லை. திடல் கேட்டும் தமிழில் மனு கொடுக்கலாம்.

மனுவில் நான்கு விவரங்கள் தெளிவாக இருந்தால் அதை ஒதுக்குவது கடினம். முதலாவது, சர்வே எண்ணுடன் கூடிய பொது நிலம். இரண்டாவது, தலைக்கவசம் இன்றி அனுமதி இல்லை, பெண் குழந்தைகளுக்குத் தனி நேரம் என்பன போன்ற விதிகள். மூன்றாவது, பாறை பெயர்ந்தாலும் சிமென்ட் உடைந்தாலும் சரிசெய்யப் போகும் குழுவின் பெயர்ப் பட்டியல். நான்காவது, விபத்து நேர்ந்தால் முதலுதவிக்கும் காப்பீட்டுக்குமான ஏற்பாடு. ஒரு பிள்ளையின் கை முறிந்தால் யார் பதில் சொல்வது என்ற அச்சம் ஊராட்சிகளுக்கு இருப்பது இயல்பு. அந்த அச்சத்துக்கு எழுத்தில் விடை தர வேண்டியது கேட்பவர்களின் பொறுப்பு.

தில்லியின் பங்கும் இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் விளையாட்டு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட ரூ.3,794 கோடியில் "கேலோ இந்தியா' திட்டத்துக்கு மட்டும் ரூ.1,000 கோடி. அத்தொகையில் ஒரு சிறு பகுதியை, மக்கள் தங்கள் பங்கைச் செலுத்தும் ஊராட்சித் திடல்களுக்கு இணை நிதியாக ஒதுக்கலாம். பதினொன்றாவது அட்டவணையில் "விளையாட்டுத் திடல்' என்ற சொல்லைச் சேர்க்கத் தனிநபர் மசோதா ஒன்றை எந்த உறுப்பினரும் கொண்டுவரலாம். அது நிறைவேறாமல் போனாலும் விவாதமாவது நடக்கும்.

ஆலத்தூர், பொள்ளாச்சி, இடுக்கி ஆகிய மூன்று தொகுதிகளின் உறுப்பினர்களும் வெவ்வேறு கட்சிகளில் இருந்தாலும், இந்தக் கோரிக்கையில் கட்சி வேறுபாட்டுக்கு இடமில்லை. வாக்காளர்கள் கேட்கட்டும், அடுத்த ஆண்டுக்கான பரிந்துரைப் பட்டியல் தயாராவதற்கு முன்பே கேட்கட்டும்.