பட்டறை போதாது, சங்கம் வேண்டும்!

பட்டறை என்றால் தொழிலாளிக்குத் தெரியும். உலை இருக்கும், சம்மட்டி இருக்கும், வேர்வை இருக்கும். இப்போது பல்கலைக்கழகங்களிலும் ஒரு பட்டறை நடக்கிறது. மனநலப் பட்டறை என்று அதற்குப் பெயர். அங்கே இரும்பைக் காய்ச்சுவதில்லை. ஆராய்ச்சி மாணவர்களை மண்டபத்தில் உட்காரவைத்து, மனம் சோர்ந்தால் என்ன செய்வது, தூக்கம் வராவிட்டால் யாரைப் பார்ப்பது என்று சொல்லித் தருகிறார்கள்.

"டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவனுக்கு மனக்கஷ்டமா? மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு, கொதிகலன் முன்னால் நிற்பவனைவிட என்ன கஷ்டம் வந்துவிட்டது?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலைப் பார்ப்போம்.

பெல்ஜியம் நாட்டின் பிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 ஆராய்ச்சி மாணவர்களை ஆராய்ந்து 2017 இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவர் மனநோய்க்கு ஆளாகும் அபாயத்தில் இருப்பதாகத் தெரிந்தது. 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் விசாரித்து 2018 இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 41 பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரை மனப்பதற்றம், 39 பேருக்கு அதே அளவில் மனச்சோர்வு! விரும்பிப் பதில் சொன்னவர்களின் கணக்கு அது; ஆகையால் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்வோம். குறைத்தாலும் அது சிறு தொகையா? வசதி படைத்த நாடுகளிலேயே இந்தக் கதி!

நம் நாட்டில்? 2022 ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்கள். பள்ளிப் பிள்ளையிலிருந்து ஆராய்ச்சி மாணவர் வரை எல்லோரும் அடங்கிய சர்க்கார் கணக்கு இது.

ஏன் இந்த வேதனை? ஆராய்ச்சி என்பது மூன்றாண்டு முதல் ஆறாண்டு வரை நீளும் வேலை. அந்தக் காலம் முழுதும் மாணவனின் தலைவிதி ஒரே மனிதர் கையில் இருக்கிறது. அவர்தான் நெறியாளர். ஆய்வு சரியென்று சொல்பவர் அவர். உதவித்தொகைச் சான்றில் கையெழுத்துப் போடுபவர் அவர். நாளை வேலைக்குச் சிபாரிசு எழுதுபவரும் அவரே. நல்லவர் வாய்த்தால் தந்தை. கெட்டவர் வாய்த்தால் கங்காணி! தோட்டத்துக் கங்காணியை எதிர்த்துப் பேசச் சங்கம் உண்டு. ஆய்வுக்கூடத்துக் கங்காணியை எதிர்த்துப் பேச யார் உண்டு?

அடுத்தது வயிற்றுப்பாடு. 2015 அக்டோபரில், நெட் தேர்வின் மூலம் உதவி பெறாத மாணவர்களுக்குக் கொடுத்துவந்த மாதம் 8,000 ரூபாயையும் நிறுத்திவிடப் பல்கலைக்கழக மானியக் குழு முடிவெடுத்தது. டில்லியில் குழுவின் அலுவலக வாசலிலேயே மாணவர்கள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். போராடிய பிறகுதான் பணம் தொடரும் என்ற வாக்கு வந்தது. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆராய்ச்சியாளருக்கு மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். ஏட்டில் எழுதிய தொகை மாதாமாதம் கைக்கு வந்தால்தானே சோறு?

மூன்றாவது சாதி. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா ஆராய்ச்சி மாணவர். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாயின் மகன். விடுதியிலிருந்து தோழர்களோடு வெளியேற்றப்பட்டு, வளாகத்தில் கூடாரம் போட்டுப் படுத்தார். 2016 ஜனவரி 17 இல் அவர் மாண்டபோது, ஏழு மாத உதவித்தொகை 1,75,000 ரூபாய் வரவேண்டியிருக்கிறது என்று எழுதிவைத்திருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது மூச்சுப் பயிற்சியா, நியாயமா?

அதனால்தான் சொல்கிறோம்: பட்டறை மட்டும் போதாது. ஆண்டுக்கொரு நாள் நிபுணர் வருகிறார். கண்ணை மூடச் சொல்கிறார். மூச்சை இழுக்கச் சொல்கிறார். தேநீரோடு கூட்டம் கலைகிறது. மாணவன் கண்ணைத் திறந்தால் அதே நெறியாளர், அதே பாக்கி, அதே அவமானம்! கூரை ஒழுகும் வீட்டில் குடித்தனக்காரனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது போன்றது இது.

ஆனால் பட்டறையே வீண் என்று தள்ளிவிடலாமா? கூடாது. மனச்சோர்வு ஒரு நோய். மருந்தும் ஆலோசனையும் அதைக் குணப்படுத்தும். "பைத்தியம்" என்ற பட்டத்துக்கு அஞ்சி ஊமை கண்ட கனவாக மறைத்துவைப்பவனுக்கு, வாய்திறந்து பேசலாம் என்று சொல்வதே பெரிய உதவி.

அதைவிடப் பெரிய உதவி, சகமாணவர் துணைக்குழு. எட்டுப் பத்துப் பேர் வாரம் ஒருமுறை கூடுகிறார்கள். ஒருவர் பேச மற்றவர் கேட்கிறார்கள். நெறியாளருக்கும் அதிகாரிக்கும் அங்கே இடமில்லை. உள்ளே பேசியது வெளியே போவதில்லை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? அதே வலியைப் பட்டவன் அருகில் இருக்கும்போது, "நான் ஒருவன்தான் தோற்றேன்" என்ற எண்ணம் உடைகிறது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1970 இல் மாணவர்களே இரவு நேரத் தொலைபேசி உதவியைத் தொடங்கினார்கள். துயரப்படும் மாணவனின் குரலை இன்னொரு மாணவன் கேட்கும் அந்த ஏற்பாடு வேறு பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது.

தோழர்களே! இது நமக்குப் புதிதா? தனியாக நின்றபோது நடுங்கிய தொழிலாளி, ஆலை வாசலில் நாலு பேரோடு பேசியபோதுதான் நிமிர்ந்தான். முதலில் துயரத்தைப் பேசினான்; பிறகு காரணத்தைப் பேசினான்; பிறகு கோரிக்கையை எழுதினான். துணைக்குழுவும் அந்த வழியில் நடக்கட்டும்!

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பர் 14 இல் சுமார் 48,000 ஆராய்ச்சி, கல்வி ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மாணவ ஊழியர்களே அவர்களில் பெரும்பாலோர். எந்தக் கொடியின் கீழ் தெரியுமா? மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் கொடியின் கீழ்! ஆறு வாரம் போல நின்றார்கள். சம்பள உயர்வு பெற்றார்கள். படித்தவனும் உழைப்பாளியே என்று உணர்ந்ததால் வந்த வெற்றி அது.

இங்கேயும் கதவு சற்றே திறந்திருக்கிறது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மாணவர் மனநலத்தை ஆராய முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் பணிக்குழு அமைத்தது. 2025 ஜூலையில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள கல்வி நிலையம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்றும், ஆசிரியரும் ஊழியரும் ஆண்டுக்கு இருமுறை மனநலப் பயிற்சி பெறவேண்டும் என்றும் கட்டளையிட்டது. கட்டளை காகிதத்தில் தூங்காமல் பார்ப்பது யார் பொறுப்பு? நம் பொறுப்பு!

நாம் கேட்பது இவைதாம். உதவித்தொகை மாதம் தவறாமல் வரட்டும். நெறியாளர்மீது வரும் புகாரை, அவருக்குக் கட்டுப்படாத குழு விசாரிக்கட்டும். மாணவர் பிரதிநிதியும் அதில் இருக்கட்டும். நெறியாளரை மாற்றிக்கொள்ளும் உரிமை தண்டனையில்லாமல் கிடைக்கட்டும். துணைக்குழுவுக்கு அறையும் பயிற்சியும் கொடுக்கட்டும்.

உங்கள் தெருவிலும் ஒரு சுமைதூக்கியின் மகள், ஒரு நெசவாளியின் மகன் ஆராய்ச்சி படிக்கப் போயிருக்கலாம். குடும்பத்தில் முதல் பட்டதாரி. வீட்டில் சொன்னால் புரியாது என்று எல்லாவற்றையும் விழுங்குகிற பிள்ளை. விடுமுறைக்கு வரும்போது "எப்போது முடிப்பாய்?" என்று கேட்காதீர்கள். "எப்படி இருக்கிறாய்?" என்று கேளுங்கள். தாங்கவில்லை என்று சொன்னால் 14416 என்ற எண்ணைச் சொல்லுங்கள். சர்க்காரின் டெலி மானஸ் இரவும் பகலும் இலவசமாகப் பேசும். அதோடு, அந்தப் பிள்ளையின் பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இல்லையென்றால் கட்ட உதவுங்கள்.