சாப்டாச்சா? ஊட்டா ஆயித்தா?



லீவு விட்டால் போதும், ஊர் சுற்றக் கிளம்பி விடுவீர்கள். ஜன்னலோர சீட் யாருக்கு என்பதுதான் முதல் சண்டை. அது முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. "அம்மா, பசிக்குது! எங்கே சாப்பிடலாம்?" என்று ஆரம்பித்து விடுவீர்கள்.

ராமேஸ்வரம் தீவுக்குப் போனால் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். சுற்றிலும் கடல், மீன், நண்டு, இறால் என்று வெளுத்துக் கட்டலாம். ஆனால், கடலே எட்டிப் பார்க்காத கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் போனால் என்ன சாப்பிடுவது? வாங்க, ஒரு ரவுண்டு போய் வரலாம்!

அணைக்கரை மீன்

கடல் இல்லாவிட்டால் என்ன, அணை இருக்கிறதே! கிருஷ்ணகிரி நகரிலிருந்து தர்மபுரி சாலையில் சில கிலோமீட்டர் போனால் கே.ஆர்.பி. அணை வந்துவிடும். தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட இந்த அணை 1957-ல், காமராஜர் முதல்வராக இருந்தபோது திறக்கப்பட்டது. பூங்காவில் ஆட்டம் போட்டு விட்டு வெளியே வந்தால், மீன் வறுக்கிற வாசனை மூக்கைத் துளைக்கும்!

ஜிலேபி, கட்லா, ரோகு... இவையெல்லாம் நன்னீர் மீன்கள். ஜிலேபி மீனுக்குப் பூர்வீகம் எது தெரியுமா? ஆப்பிரிக்கா! கட்லாவும் ரோகுவும் வடக்கே கங்கை ஆற்றுப் பக்கத்துச் சொந்தங்கள். மூன்றும் இங்கே வந்து ஒரே வாணலியில் கைகோர்த்து விட்டன.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷார்! மிளகாய்த்தூளும் மஞ்சளும் சேர்த்த மீன் பழுப்பு கலந்த சிவப்பாக இருக்கும். ரத்தச் சிவப்பில் பளபளவென்று மின்னினால் அது சாயமாக இருக்கலாம். கர்நாடக அரசு 2024 ஜூனில், கபாப் வகைகளில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில், ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததும் ஞாபகம் இருக்கிறதா? "அண்ணே, கலர் போடாம வறுத்துக் கொடுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள். தப்பே இல்லை.

கிளி மூக்கு மாம்பழம்

கோடையில் போனீர்கள் என்றால் உங்களுக்கு யோகம்தான்! கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பேர்போனது. செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளி, மல்கோவா என்று வகைவகையாகக் கிடைக்கும். நுனி வளைந்து கிளி மூக்கு மாதிரி இருப்பது பெங்களூரா. இதைத்தான் தொழிற்சாலைகளில் கூழாக்கி, டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் பாட்டிலில் குடிக்கிற மாம்பழ ஜூஸ் இந்த ஊர் மரத்தில் காய்த்ததாகவும் இருக்கலாம்!

காயாக இருந்தால் உப்பு, மிளகாய்த்தூள் தூவி ஒரு கடி... ஸ்ஸ்ஸ்! ஆனால், முன்பே நறுக்கி, ஈ மொய்க்க வைத்திருப்பதை வாங்காதீர்கள். உங்கள் கண் முன்னால் கழுவி நறுக்கித் தரச் சொல்லுங்கள்.

மெல்லக் கூடாது... முழுங்கணும்!

மதியச் சாப்பாட்டுக்கு என்ன? "களி வேண்டாம்மா!" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். இந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக உழைப்பாளிகளைத் தாங்கி நிற்பதே கேழ்வரகுக் களிதான். எல்லை தாண்டினால் இதற்குப் பெயர் 'ராகி முத்தே'.

களி சாப்பிட ஒரு டெக்னிக் உண்டு. சின்னதாகக் கிள்ளி, உருட்டி, குழம்பில் புரட்டி அப்படியே முழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிக்கொள்ளும்! தொட்டுக்கொள்ளக் கீரை மசியல் அல்லது கொள்ளுக் குழம்பு. பனிக்காலத்தில் போனால் பிதுக்கம்பருப்புக் குழம்பு கேட்டுப் பாருங்கள். அவரைக் கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோல் எடுத்துச் செய்வது. பாட்டிமார்களின் பொறுமைக்கு ஒரு சலாம்!

100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு அரிசியில் இருப்பதோ சுமார் 10 மில்லிகிராம்தான். எலும்பு வளர்கிற வயதில் நமக்கு எது நல்லது, சொல்லுங்கள்?

'பெண்ணே' தோசையா?

அடுத்த ஸ்டாப், ஓசூர். மோட்டார் பைக், லாரி, கைக்கடிகாரம் எல்லாம் தயாராகும் தொழில் நகரம். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று ஒரே தெருவில் நான்கு மொழி கேட்கும். வேலை தேடி வட மாநிலங்களிலிருந்து வந்த அண்ணன்களுக்காக ரொட்டி, பருப்புக் கடைகளும் உண்டு.

ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. அங்கே மெனு கார்டில் 'பெண்ணே தோசை' என்று பார்த்துச் சிரிக்காதீர்கள். வெண்ணெய் தோசைதான் அது! தமிழில் 'வ' என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ப' ஆகிவிடும். 'வா' என்றால் 'பா'. அதேபோல 'ப' பல இடங்களில் 'ஹ' ஆகும். 'பால்' என்றால் 'ஹாலு'. 'தட்டே இட்லி' என்றால் தட்டு அகல இட்லி. சாம்பார் லேசாக இனித்தால் யாரோ சர்க்கரையைக் கொட்டிவிட்டதாக நினைக்காதீர்கள். வெல்லம் சேர்ப்பது அவர்கள் வழக்கம்.

எந்தக் கடைக்குள் போகலாம்?

ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளர்கள் எங்கே வரிசையில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே இட்லி வேகவேக விற்றுத் தீர்ந்துவிடும். பழையது தங்க வாய்ப்பு குறைவு.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வெதுவெதுப்பான உணவில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி... நான்கு மணி நேரத்தில் 4,096! அதனால்தான் சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்கிறார்கள். சூடாக இருப்பதையே சாப்பிடுங்கள்.

கடைச் சுவரில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று தேடுங்கள். கண்டுபிடிப்பது உங்கள் வேலை! பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அச்சு மையில் உள்ள ரசாயனம் எண்ணெயோடு வயிற்றுக்குள் போய்விடும். (இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். படிக்க மட்டுமே!)

அப்படியும் வயிறு கலக்கினால்? கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து அடிக்கடி குடிக்க வேண்டும். பெரியவர்களிடம் சொல்லி டாக்டரையும் பாருங்கள்.

ஆற்றில் ஏன் நுரை?

திரும்புகிற வழியில் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையைப் பாருங்கள். சில நாட்களில் தண்ணீருக்கு மேல் வெள்ளை வெளேர் என்று நுரை மிதக்கும். பனி மாதிரி அழகாக இருக்கும். ஆனால் அழகு இல்லை, அழுக்கு! கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணையில், பெங்களூரு பகுதியின் சாக்கடை நீரும், சோப்புத் தண்ணீரும், ஆலைக் கழிவும் கலப்பதால் வருகிற நுரை அது. அதே ஆறுதான் கீழே கே.ஆர்.பி. அணைக்குப் போகிறது. நாம் ரசித்துச் சாப்பிட்டோமே மீன், அதன் வீடு அது!

ஆற்றைச் சுத்தமாக்குவது இரண்டு மாநிலப் பெரியவர்களின் கடமை. நம்மால் முடிந்ததும் உண்டு. சாப்பிட்ட தட்டு, பாட்டில், மிச்சம் மீதி எதையும் அணையில் வீசாதீர்கள். வீசுகிற தம்பியிடமும் அன்பாகச் சொல்லுங்கள்.

என்ன குட்டீஸ், பை ரெடியா? போகிற இடத்தில் யாராவது "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டால் விழிக்காதீர்கள். "சாப்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். "ஆயித்து!" என்று சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே இன்னொரு இட்லி வைத்தாலும் வைப்பார்கள்!