உல்லாசப் பிரயாணமும் நடுமுற்றமும்

பிரயாணம் செய்வோர் பலதிறத்தினர். தலயாத்திரை செய்வோர் ஒருசாரார். வாணிகத்தின் பொருட்டுச் செல்வோர் இன்னொரு சாரார். உற்றார் உறவினரைக் காணச் செல்வோர் மற்றொரு சாரார். இவற்றுள் எதனிலும் அடங்காத பிரயாணம் ஒன்றுண்டு. அழகாக அமைந்த ஓரிடத்திலே தங்கி, அந்நாட்டு உணவைச் சுவைத்து, அங்குள்ளாரின் கலைகளையும் வழக்கங்களையும் கண்டு திரும்புவது அது. இதனை உல்லாசப் பிரயாணம் என்பர். பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்று இதனை எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால் அப்பிரயாணிகள் எதற்காக அத்துணைப் பெருந்தொகை கொடுக்கிறார்கள் என்று சற்று ஆராய்ந்தால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்வோர்க்கு மிக நெருங்கிய செய்தி ஒன்று வெளிப்படும்.

இலங்கைக்கு இவ்வகைப் பிரயாணிகள் கப்பலேறி வரத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலாகும். காலிமுக ஹோட்டல் 1864 இல் தொடங்கப்பெற்றது. 1869 இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், ஐரோப்பாவிலிருந்து கீழைத்தேசங்களுக்குச் செல்லும் கப்பல்கள் கொழும்பில் தங்கிச் செல்வது பெருகிற்று. 1875 இல் துறைமுகத்தின் எதிரே கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் எழுந்தது. ரஷ்ய எழுத்தாளர் அந்தோன் செக்கோவ் 1890 இல் கொழும்பில் இறங்கி இலங்கையைக் கண்டு சென்றார். அக்காலத்துச் சொகுசு ஐரோப்பாவைப் பெயர்த்துக் கொணர்ந்து கடற்கரையில் வைத்ததைப் போன்றது. உயர்ந்த கூடங்களும் சரவிளக்குகளும் வெள்ளித் தட்டங்களும் பிரயாணியை வரவேற்றன. மேசையில் ஐரோப்பிய முறையே ஆட்சி செய்தது. சோறும் கறியும் அங்கே இடையிடையே தலைகாட்டிப் போயின.

இந்நிலை மாறுவதற்குக் காரணராயிருந்தவருள் முதன்மையானவர் ஜெப்ரி பாவா என்னும் கட்டடக் கலைஞர். அவர் 1919 இல் கொழும்பிற் பிறந்தார். முதலில் ஆங்கில இலக்கியமும் பின்னர்ச் சட்டமும் பயின்றவர். 1948 இல் பெந்தோட்டைக்கு அண்மையில் லுனுகங்க என்னும் தோட்டத்தை வாங்கினார். அதனை அழகுபடுத்த முயன்றபோது, அத்தொழிலில் தமக்குப் பயிற்சி போதாதென உணர்ந்தார். ஆகவே மீண்டும் மாணவராகி, இலண்டனிற் கட்டடக்கலை பயின்று, 1957 இல், தமது முப்பத்தெட்டாம் வயதிலே, தேர்ச்சி பெற்றார். காலந்தாழ்ந்து கற்றவர் உலகப் புகழ் எய்தினமைக்கு அவர் ஒரு சான்று.

அவர் தொழில் தொடங்கிய காலம் நெருக்கடியான காலம். 1960 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஏற்பட்டு, இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டன. கண்ணாடியும் உருக்கும் கிடைத்தற்கு அரியவாயின. ஆகவே களிமண், கருங்கல், மரம், மெருகிட்ட சீமெந்து ஆகிய உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே கட்ட வேண்டியதாயிற்று. வறுமை தந்த இந்தக் கட்டுப்பாடே புதிய அழகுக்கு வழிகாட்டிற்று எனலாம்.

1960 இல் தொடங்கி 1962 இல் முடிவுற்ற எனா த சில்வாவின் இல்லம் அவ்வழகின் முதல் விளைவுகளுள் ஒன்று. கொழும்பில் அல்பிரட் பிளேஸ் என்னும் வீதியில் அஃது அமைந்தது. வெளியே நிற்பவர்க்கு ஒரு மதில் மாத்திரமே தோன்றும். உள்ளே சென்றால் வானத்தை நோக்கித் திறந்த பெரிய நடுமுற்றம். அதனைச் சுற்றிலும் தூண்கள் தாங்கும் தாழ்வாரங்கள், அவற்றையொட்டி அறைகள். நகரத்தின் நடுவில், குறுகிய நிலத்தில், வெளியாரின் பார்வையும் வீதியின் இரைச்சலும் புகாதவாறு ஒரு குடும்பம் காற்றோடும் மழையோடும் வாழ இவ்வமைப்பு இடந்தந்தது.

நடுமுற்றம் எவ்வாறு வீட்டைக் குளிர்விக்கிறது? பகலில் முற்றத்தின் மீது வெயில் விழுகிறது. அங்குள்ள காற்றுச் சூடேறி மேலெழுகிறது. அவ்விடத்தை நிரப்புவதற்கு, நிழலிலுள்ள அறைகளிலிருந்து குளிர்ந்த காற்று நகர்கிறது. அதனால் வீட்டினுள்ளே ஓயாத மெல்லிய காற்றோட்டம் உண்டாகிறது. இரவில் வானத்தின்கீழ்க் குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கித் தங்குகிறது. கொழும்பு போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊரில் வெப்பத்தினும் புழுக்கமே உடலை வருத்துவது. புழுக்கத்துக்கு மருந்து காற்று நகர்தல். ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இவ்வூரில், தாழ இறங்கிய கூரைவிளிம்பு சுவரையும் யன்னலையும் காக்கின்றது. மழை பெய்யும்போதும் யன்னலை மூட வேண்டியதில்லை.

கூரையிலும் ஒரு நுட்பம் கையாளப்பட்டது. அரைவட்ட வடிவான பழைய நாட்டோடு காண்பதற்கு இனியது, வெப்பத்தைத் தடுப்பது, ஆனால் எளிதில் ஒழுகுவது. அலைவடிவான சீமெந்துத் தகடு ஒழுகாது, ஆனால் அழகற்றது, வெயிலைக் கீழே இறக்குவது. பாவா தகட்டைக் கீழே பரப்பி, அதன் பள்ளங்களில் ஓடுகளை அடுக்கினார். தகடு மழையைத் தடுத்தது. ஓடு வெயிலைத் தடுத்தது. பழையதும் புதியதும் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்தன.

1966 இல் இலங்கை உல்லாசப் பிரயாணச் சபை நிறுவப்பட்டது. ஆகாய விமானத்தில் வரும் பிரயாணிகளுக்குக் கடற்கரை விடுதிகள் வேண்டியிருந்தன. வீட்டுக்கென வகுத்த இலக்கணத்தை விடுதிக்கு விரித்துரைக்கும் வாய்ப்புப் பாவாவுக்குக் கிடைத்தது. 1967 இல் தொடங்கி 1969 இல் முடிந்த பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டல் அவ்வாறு பிறந்தது. அடித்தளம் பழைய கோட்டையைப் போன்று கரடுமுரடான கல்லால் ஆயது. படியேறி மேலே சென்றால், நீர்நிலையொன்றைச் சூழ்ந்த முற்றம். வரவேற்புக் கூடத்தின் மேல்விதானம் முழுவதும் எனா த சில்வா எழுதிய பற்றிக் துணிகளால் ஒளிர்ந்தது. மெழுகால் மறைத்த இடத்தில் சாயம் ஏறாது. மறைக்காத இடத்தில் ஏறும். இவ்வாறு பலமுறை மெழுகிட்டுச் சாயந் தோய்த்து உருவாக்குவதே பற்றிக் கலை. லக்கி சேனநாயக்கவின் சிற்பங்களும், பாபரா சன்சோனி நிறந்தேர்ந்த கைத்தறித் துணிகளும் அங்கே இடம்பெற்றன. சன்சோனி அம்மையார் நல்லாயன் கன்னியர் நடத்திய நெசவு நிலையத்துப் பெண்களுக்கு வடிவமைத்துக் கொடுத்ததிலிருந்தே தமது நெசவுப் பணியை வளர்த்தவர்.

இக்கட்டடங்களின் பின்னே தமிழர் ஒருவரின் உழைப்பும் நின்றது. பொறியியலாளர் பூலோகசுந்தரம் 1967 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பாவாவின் தொழிற் பங்காளராயிருந்தார். கலைஞர் கண்ட கனவைத் தூணாகவும் உத்தரமாகவும் நிலைநிறுத்துதல் பொறியியலாளர் கடன். பார்ப்போர் கண்ணுக்கு வடிவம் தெரியும். வடிவைத் தாங்கும் கணக்குத் தெரிவதில்லை. பாவாவின் பெயரை அறிந்த பலர் பூலோகசுந்தரத்தின் பெயரை அறியாதிருத்தல் இதனாற்போலும்.

தமிழ்நாட்டிலும் பாவாவின் கைவண்ணம் உண்டு. 1970 ஆம் ஆண்டுகளில் சென்னையிலுள்ள பழைய கன்னிமரா ஹோட்டல் அவரால் புதுக்கியமைக்கப்பட்டது. அதே காலத்தில் மதுரையில் பஞ்சாலை அலுவலருக்கென ஒரு மனமகிழ் மன்றத்தைக் கட்டினார். இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் தேடிப் பெற்று அங்கே பொருத்தினார். ஊரார் வேண்டாவென்று கழித்தவை அங்கே அணிகலன்களாயின.

பின்னாளில் தம்புள்ளைக்கு அண்மையில், கண்டலமக் குளத்தருகே, 1994 இல் திறக்கப்பட்ட ஹோட்டல் இம்முறையின் உச்சம். சீகிரியாக் குன்றின் அடிவாரத்தில் விடுதி கட்டுதல் அக்குன்றின் மாண்பைக் குலைக்கும் எனக் கருதிய பாவா, தொலைவிலுள்ள மலைச்சரிவைத் தேர்ந்தார். அங்கிருந்து நோக்கினால் குளமும் அதற்கப்பால் சீகிரியாவும் தோன்றும். கட்டடம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளமுடையது. பாறையை உடைத்தெறியாது, கால்களில் ஊன்றி மலையை அணைத்து நிற்கிறது. கூரையிலும் முகப்பிலும் கொடிகள் படர்ந்து, காடு கட்டடத்தைத் தன்வசப்படுத்திக் கொண்டது. இதுவும் எதிர்ப்பின்றி எழுந்ததன்று. குளத்து நீரும் ஊரார் வாழ்வும் கெடுமென அஞ்சிய மக்களும் பிக்குமாரும் கிளர்ச்சி செய்தனர். ஓரிடத்தின் அழகை விற்க முற்படுவோர் அவ்விடத்து மக்களுக்கும் விடைகூறக் கடமைப்பட்டவர் என்பதை அக்கிளர்ச்சி உணர்த்திற்று.

கட்டடத்திற் கண்ட மாற்றமே உணவிலும் நேர்ந்தது. இன்று உயர்தர ஹோட்டல்களிற் காலை உணவுக்குச் சென்றால், விருந்தினர் கண்முன்னே அப்பச்சட்டியைச் சுழற்றி அப்பம் சுடுவதைக் காணலாம். இடியப்பமும் சொதியும் சம்பலும் மட்சட்டிகளில் வரிசையாக இருக்கும். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியரின் லம்பிறைஸ் என்னும் உணவு தனிச்சிறப்புப் பெற்றுவிட்டது. இறைச்சிச் சாற்றில் வெந்த சோற்றையும் கறிகளையும் வாழையிலையிற் பொதிந்து, சூளையிலிட்டு எடுப்பர். இலையின் மணம் சோற்றில் ஊறுவதே அதன் சுவைக்குக் காரணம். கோட்டைப் பகுதியில் ஒல்லாந்தர் காலத்து வைத்தியசாலைக் கட்டடம் 2011 இல் செப்பனிடப்பட்டு, உணவகங்களும் கடைகளும் அமைந்த இடமாயிற்று. எனா த சில்வா தமது முதுமையில் மாத்தளைக்கருகே அலுவிகாரையில் வாழ்ந்தார். அவ்வூர்ப் பெண்களைக் கொண்டு பற்றிக் வேலையும் தையல் வேலையும் நடத்தியதோடு, வருவோர்க்கு நாட்டுணவு சமைத்தளிக்கும் அடுக்களையையும் நடத்தினார். கைத்தொழிலும் உணவும் ஒரே கூரையின்கீழ் ஊராருக்குப் பிழைப்பளித்தன.

இனி, வீட்டுப்பக்கம் திரும்பிப் பார்ப்போம். தூரதேசத்துப் பிரயாணி பெருவிலை கொடுத்துப் பெறும் நடுமுற்றம் எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுவே இருப்பது அதுவே. அங்கேதான் நெல் காய்ந்தது. குழந்தைகள் நிலவில் விளையாடினர். திருமணப் பந்தல் எழுந்தது. சிங்களப் பெருவீடுகளிலும் அஃதுண்டு. பெருவீட்டைச் சிங்களத்தில் வளவ்வ என்பர். வீடு நிற்கும் நிலத்தை யாழ்ப்பாணத்தார் வளவு என்பர். இரு சொற்களும் ஒலியால் எத்துணை அண்டியுள்ளன! ஒல்லாந்தர் கட்டிய வீடுகளிலும் உள்முற்றமும் விறாந்தையும் இருந்தன. இவையனைத்தையும் கற்று ஒன்றுசேர்த்ததே பாவாவின் திறம். அவர் புதிதாகப் படைத்ததினும் மீட்டெடுத்தது மிகுதி.

ஆனால் வெள்ளவத்தையில் நடப்பது என்ன? விறாந்தையும் முன்றிலும் மாமரமும் கொண்டிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து, அவ்விடத்தில் தொடர்மாடிகள் எழுகின்றன. 1983 ஜூலையிற் பல தமிழர் வீடுகள் எரியுண்டன. போரின் காரணமாக வடக்கிலிருந்து வந்தோர் பல்லாயிரவர்க்கு உறையுள் வேண்டியிருந்தது. நிலத்தின் விலையும் ஏறிற்று. ஆகவே தொடர்மாடிகளைக் குறைகூறுதல் நியாயமாகாது; அவை பலருக்குப் புகலிடமாயின. எனினும், நான்கு புறமும் அடைத்த அறையில் குளிரூட்டியை நம்பி வாழ்வதே நாகரிகம் என்ற எண்ணமும் அவற்றோடு குடியேறிவிட்டது. அதே வேளையில் குளிரூட்டி வேண்டாத விறாந்தையைத் தேடி வெளிநாட்டார் பெருந்தொகை கொடுத்து வருகின்றனர். பிட்டு அவிக்கும் மூங்கிற்குழல் வீட்டிலிருந்து மறைய, ஹோட்டல் மேசையில் அதுவே காட்சிப்பொருளாகின்றது. இதனினும் பெரிய முரண் வேறுண்டோ?

எனா த சில்வாவின் இல்லத்துக்கும் அந்நிலை நேர்ந்தது. நிலம் கைமாறி, வீடு இடிபட வேண்டிய நாள் வந்தது. 2009 இல் அதனை ஓடு ஓடாக, தூண் தூணாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு லுனுகங்கவுக்குக் கொண்டு சென்றனர். அங்கே மீண்டும் பொருத்தி முடித்தபோது 2016 ஆம் ஆண்டாயிற்று. இப்பொழுது விருந்தினர் அங்கே பணங்கொடுத்துத் தங்குகின்றனர். வீடு பிழைத்தது, மகிழ்ச்சியே. ஆனால் நகரத்திலே எவ்வாறு வாழலாம் என்பதற்கு விடையாகக் கட்டிய வீடு, நகரத்தைவிட்டு அகன்று காட்சியிடமாகிவிட்டது.

எல்லா வீட்டையும் அவ்வாறு பெயர்த்துச் செல்லல் இயலாது, செல்லவும் வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் நிற்கிறது. பொன்னம்பல முதலியார் கட்டிய அக்கோயிலை அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுப்பித்தார். நடுப்பகலில் அங்கே செல்வோர் கற்றூண்களின் நிழலையும் காலடியின் தண்மையையும் உணர்வர். அதற்கு நுழைவுக் கட்டணமில்லை. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து இரதம் புறப்பட்டுக் காலி வீதி வழியே வரும்போது, அதனைக் காணப் பிரயாணிகளும் கூடுகின்றனர். வீதியில் நிற்கும் குடும்பத்தினரோ அதனை வேடிக்கையாகக் கொள்வதில்லை. அது தம்முடையது என்று நிற்கின்றனர்.

தொடர்மாடியில் வாழ்வோருக்கும் நடுமுற்றத்தின் இலக்கணம் பயன்படும். வெள்ளவத்தைக்கு மேற்கே கடல். எதிரெதிரே இரண்டு யன்னல்களைத் திறந்து வைத்தால் கடற்காற்று வீட்டினூடே செல்லும். கட்டடம் எழுப்புவோரிடம் நடுவில் வானம் காணும் ஒரு வெளியையும், யன்னலுக்கு மேல் அகன்ற கூரைவிளிம்பையும் வாங்குவோர் கேட்டுப் பெறலாம். மாடத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடியும், அடுக்களையில் ஒரு மட்சட்டியும் இடங்கொள்ளும். பிரயாணி நான்கு நாள் தங்கி அனுபவித்துச் செல்லும் இன்பத்தை, ஊரிலுள்ளார் ஆண்டு முழுதும் விலையின்றி அனுபவிக்கலாம். அவ்வின்பத்தைத் தம் வீட்டில் காத்து வைத்திருப்போரிடம் வரும் விருந்தினரே, உண்மையில் ஒரு நாட்டைக் கண்டு திரும்பியவராவர்.