மின்சைக்கிளின் தூரமும் மின்கலத்தின் குணமும்

மின்சாரத்தால் ஓடும் துவிச்சக்கர வண்டியொன்றை வாங்க விரும்புவோர் கடைக்காரரிடம் முதலிற் கேட்பது ஒன்றேயொன்றுதான்: "ஒருமுறை மின்னேற்றினால் எவ்வளவு தூரம் ஓடும்?" கடைக்காரரும் தயங்காமல் ஓர் எண்ணைக் கூறுவார், அட்டைப் பெட்டியிலும் அந்த எண்ணே பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால், வண்டியிற் பொருத்தப்பட்டிருக்கும் மின்கலவடுக்கு, அதாவது வழக்கில் நாம் பற்றரி என்று கூறும் பொருள், எவ்வகையைச் சேர்ந்தது என்று கேட்பவர் மிகச் சிலரே. உண்மையில் முதற் கேள்வியின் விடை இந்த இரண்டாவது கேள்விக்குள்ளேதான் அடங்கியிருக்கிறது. அதனைச் சற்று விரித்துரைப்பதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

சைக்கிள் எம்மவருக்குப் புதியதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமதரையில் அது கால் போன்ற ஓர் உறுப்பாகவே விளங்கி வந்துள்ளது. 1990 களில் எரிபொருளும் மின்சாரமும் அற்றிருந்த நாட்களில், சைக்கிளின் சில்லைச் சுழற்றி டைனமோவில் மின்சாரம் பெற்று வானொலி கேட்டவர்கள் நாம். 2022 இல் பெற்றோலுக்காக நாடெங்கும் நீண்ட வரிசைகள் நின்றபோது சைக்கிள் மீண்டும் மதிப்புப் பெற்றது. மிதித்துச் செல்ல இயலாத முதியோரும் தொலைவிலிருந்து தொழிலுக்குச் செல்வோரும் மின்சைக்கிளை நாடினர். ஆகவே, இது வேடிக்கைப் பொருளைப் பற்றிய விசாரணையன்று. நாளாந்தச் சீவியத்தைப் பற்றியது.

ஒரு வரலாறு

ஈயக்கலத்தைப் பிரான்சு தேசத்து அறிஞர் காஸ்ரன் பிளாந்தே 1859 இல் அமைத்தார். 1881 இல் குஸ்தாவ் துரூவே என்பவர் பாரிசு நகரத் தெருவில் மின்சார முச்சக்கர வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். 1895 இல் ஒக்டன் போல்ரன் என்ற அமெரிக்கர் மின்சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும், நூறாண்டு காலம் அவ்வண்டி மக்கள் கைக்கு வரவில்லை. மோட்டார் இல்லாத குறையன்று. தூக்கிச் செல்லத்தக்க மின்கலம் இல்லாத குறையே காரணம்.

1993 இல் யப்பானின் யமஹா நிறுவனம், மிதிப்பவருக்கு மோட்டார் துணைசெய்யும் சைக்கிளை விற்பனைக்கு விட்டபோது, அதில் இருந்ததும் ஈயக்கலமே. பின்னர் யப்பானிய வண்டிகள் நிக்கல் கட்மியக் கலத்துக்கும், அடுத்து நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலத்துக்கும், ஈற்றில் இலிதியக் கலத்துக்கும் மாறின. ஒவ்வொரு மாற்றத்திலும் சுமை குறைந்தது; அல்லது தூரம் கூடியது. இலிதிய அயன் கலத்தைச் சோனி நிறுவனம் 1991 இல் வணிகத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட ஜோன் குடினவ், ஸ்ரான்லி விற்றிங்ஹம், அக்கிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எழுதிய கணக்கும் கிடைக்கும் கணக்கும்

மின்கலவடுக்கின் வோல்ற்றை அம்பியர் மணியாற் பெருக்கினால் அதில் அடங்கிய சக்தி வாற்று மணியில் வரும். 48 வோல்ற்று, 12 அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் 576 வாற்று மணி. சமதரையில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில், மிதிக்காமல் மோட்டாரை மட்டும் நம்பிச் செல்பவருக்குக் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 12 வாற்று மணி செலவாகும் என்று கொள்வோம். 576 ஐ 12 ஆல் வகுத்தால் 48 கிலோமீற்றர். ஈயமாயினும் இலிதியமாயினும் எழுத்திலே கணக்கு ஒன்றுதான். வீதியிலே அது வேறாகிறது.

நமது ஊர்க் கிணறுகளை எண்ணிப் பாருங்கள். துலாவால் ஆறுதலாக இறைத்தால் நாள் முழுவதும் தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கும். இயந்திரம் வைத்து வேகமாக இறைத்தால் சிறிது நேரத்தில் அடி தெரிந்துவிடும். நிறுத்திப் பொறுத்திருந்தால் மீண்டும் ஊறும். ஈயக்கலத்தின் குணமும் இதுவே. சாதாரண ஈயக்கலத்தின் மீது எழுதப்படும் அளவு, 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல வெளியேற்றினாற் கிடைக்கும் அளவாகும். சைக்கிள் ஓட்டுபவரோ ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதனைக் கறக்கிறார். அப்போது கலத்துக்குள் கந்தகாமிலம் ஈயத் தகடுகளின் நுண்துளைகளுக்கு விரைந்து சென்று சேர முடிவதில்லை. பேயிகேட் என்ற ஜேர்மனிய அறிஞர் 1897 இல் இக் குறைவைக் கணித்து ஒரு விதி வகுத்தார். அவ்விதிப்படி நமது 576 வாற்று மணியில் நூற்றுக்கு 60 வீதமளவே, அதாவது 346 வாற்று மணியளவே கைக்கு வரும். 48 கிலோமீற்றர் 29 ஆகச் சுருங்கிவிடுகிறது. மின்சைக்கிளுக்கென்றே செய்யப்படும் ஈயக்கலங்கள் 2 மணி நேரக் கணக்கில் அளக்கப்படுவதால் அவற்றில் இக் குறைவு சிறிது. இலிதியக் கலத்திலோ எழுதியதில் 95 வீதம்வரை கிடைப்பது வழக்கம். தூரம் 45 கிலோமீற்றருக்குக் குறையாது.

வேறொரு வேற்றுமையும் உண்டு. ஈயக்கலத்தின் வோல்ற்று பயணம் நீள நீளத் தாழும்; வேகமும் தளரும். இலிதிய இரும்புப் பொசுபேற்றுக் கலமோ பெரும்பாலும் இறுதிவரை ஒரே வோல்ற்றில் நின்று, பின்னர் சொல்லாமற் கொள்ளாமல் ஓய்ந்துவிடும். முன்னது சோர்ந்து நடக்கும் மாடு. பின்னது திடீரெனப் படுத்துவிடும் மாடு. இரண்டின் குணத்தையும் ஓட்டுபவர் அறிந்திருத்தல் வேண்டும்.

சுமையும் ஏற்றமும்

ஒரு கிலோகிராம் ஈயக்கலத்தில் 30 முதல் 40 வாற்று மணி அடங்கும். ஆகவே, நமது அடுக்கின் நிறை 16 கிலோகிராம் அளவாகும். அதே சக்தியைக் கொண்ட இலிதிய அடுக்கு 4 அல்லது 5 கிலோகிராம்தான். இந்த 12 கிலோகிராம் வேற்றுமையே தூரத்தைக் குறைக்கிறது என்று பலர் நினைக்கின்றனர். சமதரையில் அஃது உண்மையன்று. அங்கே பெரும் பகை காற்றே. மணிக்கு 25 கிலோமீற்றரில் ஓடுபவருக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் காற்றுத் தடை ஏறக்குறைய இருமடங்காகும். சோளகக் காற்றில் மிதித்தவர்கள் இதனை ஏட்டிற் படிக்க வேண்டியதில்லை. மேலதிக 12 கிலோகிராமாற் சமதரையில் ஏற்படும் செலவோ நூற்றுக்கு இரண்டு மூன்று வீதமே.

மலைநாட்டில் கதை மாறும். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. வண்டியும் ஆளுமாக 100 கிலோகிராமை அங்கே ஏற்றுவதற்கு மட்டும், மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால், 500 வாற்று மணி வேண்டும். ஈயத்தின் மேலதிகச் சுமையோடு அது 557 ஆகும். 346 மட்டும் தரும் கலம் பாதிவழி சற்றுத் தாண்டியதும் கைவிட்டுவிடும். இலிதியமும், ஓட்டுபவர் மிதித்துத் துணைசெய்தாலன்றி, உச்சியைக் காணாது.

சீனாவில் 2019 முதல் மின்சைக்கிளின் நிறை 55 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்ற நியமம் இருந்தது. 2025 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய நியமம், ஈயக்கல வண்டிகளுக்கு மட்டும் அதனை 63 ஆக உயர்த்தியது. தூரம் வேண்டுமாயின் ஈயத்துக்குச் சுமை கொடுத்தேயாக வேண்டும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட கதை இது.

ஓர் ஆசிரியையின் கணக்கு

சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாண நகருக்கு வந்து தனியார் வகுப்புகளிற் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரை நான் அறிவேன். போக 15, வர 15, ஆக 30 கிலோமீற்றர். பெட்டியில் எழுதியிருந்த தூரம் அதன் இருமடங்கு. நம்பி வாங்கினார். முதல் மாதங்களில் வண்டி வீட்டுப் படலைவரை தள்ளாடியேனும் வந்து சேர்ந்தது. எட்டாம் மாதமளவில் இறுதி மூன்று கிலோமீற்றரை, மாலை இருளில், பாரமான வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். மாலை வகுப்பை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினார். அவ்வகுப்பின் வருமானமே குடும்பத்தின் பெரும்பங்கு.

வண்டி பழுது என்று அவர் எண்ணியிருந்தார். நான் பௌதிகம் கற்பித்தவனாகையால் என்னிடம் கேட்டார். மேலே எழுதிய கணக்கையே அவருக்குக் காட்டினேன்: ஈயம் தரக்கூடியது 29, அவருக்கு வேண்டியது 30. வண்டி பொய் சொல்லவில்லை, பெட்டிதான் சொன்னது. நாள்தோறும் அடிவரை வற்றச் செய்ததனால் கலமும் விரைவில் மூப்படைந்துவிட்டது. முதலில் வகுப்பு நடக்கும் இடத்தில் பகலில் மின்னேற்ற அனுமதி பெற்றார். ஒருவழிப் பயணத்துக்கு 180 வாற்று மணியே செலவு. அதனைக் களைத்த கலமும் தாங்கியது. ஓராண்டின் பின் பணம் சேர்த்து, பொருத்தமான மின்னேற்றியுடன் இரும்புப் பொசுபேற்று அடுக்கொன்றைப் பொருத்திக்கொண்டார். மாலை வகுப்பு இன்றும் நடைபெறுகிறது.

மலிவு எது?

ஈயக்கலத்தை முழுதாக வற்றவிட்டு மின்னேற்றினால் ஏறக்குறைய 300 முறை தாங்கும். 29 ஆற் பெருக்கினால் 8700 கிலோமீற்றர். நிக்கல், மங்கனீசு, கோபாற்று சேர்ந்த இலிதியக் கலம் 500 முறையேனும் தாங்கும், 22,500 கிலோமீற்றர். இரும்புப் பொசுபேற்றுக் கலம் 2000 முறைக்கு மேலும் உழைக்கும். வண்டியே முன்னர் தேய்ந்துவிடும். ஆதலால், இருமடங்கு விலை கொடுத்தாலும் நாள்தோறும் நெடுந்தூரம் செல்பவருக்கு இலிதியம் நட்டமன்று. சந்தைக்கும் கோயிலுக்கும் ஐந்தாறு கிலோமீற்றர் செல்பவருக்கோ ஈயமே போதும். ஆனால், வீடு திரும்பியதும் மின்னேற்ற வேண்டும். வெறுமையாய் விட்டால் ஈயச் சல்பேற்று தகடுகளில் இறுகிக் கலத்தைக் கெடுத்துவிடும். இலிதியத்துக்கு வெப்பமே பகை. வெயிலிலும் படுக்கையறையிலும் வைத்து மின்னேற்றுதல் கூடாது. தீப்பற்றும் அபாயம் இரும்புப் பொசுபேற்றிற் குறைவு. முற்றாக இல்லையென்று சொல்ல முடியாது.

"ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. வாங்கப் போகும்போது மூன்றை மட்டும் கேட்டறியுங்கள்: கலத்தின் வகை என்ன? எத்தனை வாற்று மணி? எத்தனை மணி நேரக் கணக்கில் அளந்தது? அதன்பின் உங்கள் நாளாந்தப் பயணத்தை எழுதி, எதிர்க்காற்றுக்கும் கலத்தின் மூப்புக்குமாக மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தொகையைத் தாங்கும் வண்டியே உங்களுக்குரிய வண்டி.