ஏக்கம் நெஞ்சைத் தாக்குமா?

அட்டன் புகையிரத நிலைய மேடையில் ஒரு காலத்தில் எழுந்த அழுகுரலை மலைநாட்டு முதியோர் இன்னும் மறந்தாரில்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக, தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் தமிழ்நாட்டுக்குப் பயணமாயினர். அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னார் நோக்கிச் சென்ற வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி' என்பதாம். தந்தை ஒரு கரையிலும் மகள் மறு கரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன.

பிரிவுத் துயரில் ஒருவர் மாண்டால், "ஏக்கத்திலேயே போய்விட்டார்" என்று கூறுவது நம்மவர் வழக்கம். அது வெறும் பேச்சுத்தானா? அன்று என்கிறது இன்றைய வைத்திய சாஸ்திரம்.

கேரளத்திற் பிறந்து கனடாவிற் பணிபுரியும் வைத்தியர் சலீம் யூசுப் தலைமையில், 52 நாடுகளில் 'இன்டர்ஹார்ட்' என்னும் ஆய்வு நடைபெற்றது. இலங்கையும் அவற்றுள் ஒன்று. மாரடைப்புக் கண்ட ஏறக்குறைய 15,000 பேரை, அந்நோய் இல்லாத அதேயளவு மக்களோடு ஒப்பிட்டனர். 2004இல் வெளிவந்த முடிவு யாது? புகைத்தல், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றோடு மன அழுத்தமும் மாரடைப்பின் முக்கிய காரணங்களுள் ஒன்று என்பதே. 32 நாடுகளில் நடந்து 2016இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பாரிசவாதத்துக்கும் அவ்வாறே கூறிற்று.

கவலை செல்லும் வழி

கவலை இரத்தக் குழாய்க்குள் எவ்வாறு புகுகின்றது? அச்சமோ துயரமோ நேரும்போது அட்ரினலின், கார்ட்டிசோல் முதலிய சுரப்புகள் உடலிற் பெருகுகின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கின்றது. இரத்த அழுத்தம் ஏறுகின்றது. குருதி எளிதில் உறையும் தன்மை கொள்கின்றது. இது ஒரு நாளைய அச்சமாயின் உடல் தேறிவிடும். ஆனால் கொழுந்தின் நிறை குறைந்து 'அரைப்பேர்' விழுமோ என்னும் கவலை, கடைக்கடன், அடைமழை இரவில் மண் சரியுமோ என்னும் பீதி ஆகியவை நாள்தோறும் தொடர்ந்தால்? 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் விளைத்த மண்சரிவுகளைக் கண்டவர்க்கு அப்பீதியை விளக்க வேண்டியதில்லை. ஓயாத கவலையால் குழாய்களின் உட்சுவர் கெடும். அங்கே உறையும் குருதி நெஞ்சின் குழாயை அடைத்தால் மாரடைப்பு; மூளையின் குழாயை அடைத்தால் பாரிசவாதம்.

மற்றொரு வழியும் உண்டு. மனம் சோர்ந்தவர் உறக்கம் இழக்கிறார், புகையிலையையும் மதுவையும் நாடுகிறார், குளிசையை மறக்கிறார்.

பெருந்துயரின் அதிர்ச்சியால் நெஞ்சின் தசை திடீரெனத் தளர்ந்து, ஒரு பக்கம் பலூன்போல் உப்புவதும் உண்டு. 1990ஆம் ஆண்டளவில் இதனைக் கண்டறிந்த ஜப்பானியர், நெஞ்சின் அவ்வுருவத்தைப் பார்த்து, ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரால் 'தக்கோட்சுபோ' என்றனர். மாதவிடாய் நின்ற பெண்களையே இது பெரிதும் பீடிக்கிறது. தக்க சிகிச்சையால் மிகப் பலர் சில வாரங்களிற் குணமடைகின்றனர்.

இரு பிழைகள்

ஆகவே நாம் இரண்டு பிழைகளைத் தவிர்த்தல் வேண்டும். "கவலையால் வந்த வலி, படுத்தால் சரியாகும்" என்று நெஞ்சுவலியைத் தள்ளிவிடுவது முதற்பிழை. பெண்களுக்கு வலி மிகாமல், மூச்சிரைப்பும் களைப்பும் குமட்டலுமே தோன்றக்கூடும். முகம் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் அது பாரிசவாதத்தின் அறிகுறி. உறைந்த குருதியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றுதல் வேண்டும். மலைச்சரிவு லயத்திலிருந்து பெருவீதியை அடைவதற்கே பொழுது கழியுமாதலால், '1990' என்னும் இலக்கத்தை அழைத்து இலவச அம்புலன்ஸை உடனே வரவழைத்தல் நன்று.

நெஞ்சுக்கு மருந்து கொடுத்து மனத்தை மறந்துவிடுவது இரண்டாம் பிழை. பாரிசவாதம் கண்டவருள் ஏறக்குறைய மூவரில் ஒருவரை மனச்சோர்வு பற்றுகின்றது. வைத்தியரிடம் வலியைச் சொல்வதுபோலவே துயரத்தையும் சொல்ல வேண்டும், அதில் வெட்கமில்லை. '1926' என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

மாணவர்களே! உங்கள் தாயார் இன்று குளிசை உட்கொண்டாரா, நேற்றிரவு உறங்கினாரா என்று கேளுங்கள். போதிய ஊதியமும் சரியாத நிலத்தில் ஒரு வீடும் நெஞ்சுக்கு நல்ல மருந்துகளே. அவை வந்து சேரும்வரை, அருகிருந்து துயர் கேட்கும் செவியும் மருந்தேயாகும்.